உடம்பு பழகிக்கொள்ளும் அழுத்தம்

“எனக்கு பிபி எல்லாம் கிடையாது. தலைவலி, தலைசுற்றல் என்று ஒரு நாள்கூடப் படுத்ததில்லை.” இப்படிச் சொல்பவர் ஒருவராவது நமக்குத் தெரிந்த வட்டத்தில் இருப்பார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த முதல் வாக்கியத்துக்கும் இரண்டாவது வாக்கியத்துக்கும் சம்பந்தமே இல்லை. தலைவலி வராததை வைத்து ரத்த அழுத்தம் இல்லை என்று முடிவுகட்டுவது, சத்தம் கேட்கவில்லை என்பதால் வீட்டில் கரையான் இல்லை என்று சொல்வதைப் போலத்தான்.

உலகச் சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டை வைத்துப் போட்ட கணக்குப்படி, 30 முதல் 79 வயது வரை உள்ளவர்களில் 128 கோடிப் பேருக்கு உயர் ரத்த அழுத்தம் இருக்கிறது. அதில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்குத் தங்களுக்கு அது இருப்பதே தெரியாது. கட்டுக்குள் வைத்திருப்பவர்கள் ஐந்தில் ஒருவர். இவ்வளவு பேருக்கு உள்ள ஒரு நோய் எப்படி இவ்வளவு பேருக்குத் தெரியாமலே இருக்க முடியும்? கவனக்குறைவு, வசதிக்குறைவு எல்லாம் காரணம்தான். ஆனால் அடிப்படைக் காரணம் வேறு. ஏறிய அழுத்தத்தை உடம்பு கொஞ்ச நாளில் தன் இயல்பாகவே எடுத்துக்கொள்கிறது. முறையிடுவதை நிறுத்திவிடுகிறது.

அமெரிக்க அதிபர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டை 1944 மார்ச்சில் ஹோவர்ட் புரூயென் என்ற இளம் இதய மருத்துவர் பரிசோதித்தார். அழுத்தம் 186/108. இதயம் பெருத்திருந்தது, நுரையீரலில் நீர் கோத்திருந்தது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் எடுத்த எண்களும் நல்லபடியாக இல்லை. ஆனாலும் அந்த நவம்பரில் நான்காவது முறையாகத் தேர்தலில் நின்று ஜெயித்தார். 1945 பிப்ரவரியில் யால்டா வரை பயணம் போய் சர்ச்சிலோடும் ஸ்டாலினோடும் உட்கார்ந்து உலகத்தின் எதிர்காலத்தைப் பேசினார். ஏப்ரல் 12 அன்று ஓர் ஓவியர் தன்னை வரைவதற்காக உட்கார்ந்திருந்தவர், பின்னந்தலை பயங்கரமாக வலிக்கிறது என்றார். அப்போது எடுத்த அழுத்தம் 300/190. சில மணி நேரத்தில், மூளைக்குள் ரத்தம் கசிந்து இறந்துபோனார். வயது 63.

தலைவலி வந்தது உண்மைதான். கடைசி நாளில் வந்தது.

அந்த இரண்டு எண்கள்

இதயம் ஒரு நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தத்தை வெளியே தள்ளுகிறது. தொடர்ந்து ஊற்றுவதில்லை, துடிப்பு துடிப்பாகத் தள்ளுகிறது. சுருங்கித் தள்ளும் கணத்தில் தமனிச் சுவரின் மேல் விழும் அழுத்தம் மேல் எண். அடுத்த துடிப்புக்கு முன்பு இதயம் தளர்ந்து நிரம்பிக்கொண்டிருக்கும்போது தமனிக்குள் எஞ்சியிருக்கும் அழுத்தம் கீழ் எண். இதயம் ஓய்வில் இருக்கும்போதும் அழுத்தம் ஏன் பூஜ்யம் ஆகிவிடுவதில்லை? பெரிய தமனிகள் ரப்பர்போல விரிந்து கொடுத்து, பிறகு தாங்களாகவே சுருங்கி ரத்தத்தை முன்னே தள்ளிக்கொண்டிருக்கின்றன. வயதாக ஆக இந்த ரப்பர்தன்மை போய்விடுகிறது. அதனால்தான் முதியவர்களில் பலருக்கு மேல் எண் 160, 170 என்று ஏறியிருக்க, கீழ் எண் 70இல் நிற்கும். ‘கீழ் எண் நன்றாகத்தானே இருக்கிறது’ என்று அதில் ஆறுதல் தேடக் கூடாது. விறைத்துப்போன பெருந்தமனியின் அடையாளம் அந்த இடைவெளி.

இந்த அழுத்தத்தை முதன்முதலில் நேரடியாக அளந்தவர் மருத்துவர் இல்லை, ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலப் பாதிரியார். 1733இல் அந்தச் சோதனையை வெளியிட்டார். ஒரு பெண்குதிரையைப் படுக்கவைத்துக் கட்டி, அதன் தொடைத் தமனியில் பித்தளைக் குழாயைச் செருகி, அதோடு நீளமான கண்ணாடிக் குழாயைப் பொருத்தினார். ரத்தம் 8 அடி 3 அங்குலம் ஏறி, அங்கேயே துடிப்புக்கேற்ப மேலும் கீழுமாக ஆடிக்கொண்டிருந்தது. நமக்கு 120 என்று வரும் அளவை அதே மாதிரிக் கண்ணாடிக் குழாயில் பார்த்தால் ஏறத்தாழ 5 அடி உயரத்துக்கு ரத்தம் நிற்கும். பின்னாளில் குழாயில் ரத்தத்துக்குப் பதிலாகப் பாதரசத்தை ஏறவைத்து அளந்தார்கள். அது தண்ணீரைப் போல 13.6 மடங்கு கனம் என்பதால், குதிரையின் எட்டடியும் ஒரு சாணுக்குள் அடங்கிவிட்டது. இன்று பாதரசக் கருவிகள் வழக்கொழிந்து வருகின்றன. ‘மில்லிமீட்டர் பாதரசம்’ என்ற அளவு மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

குதிரையைக் கட்டாமல் அளக்க இன்னும் 160 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1896இல் இத்தாலியில் ரிவா-ரோச்சி கையில் கட்டும் காற்றுப்பட்டையை உருவாக்கினார். 1905இல் ரஷ்ய அறுவைச் சிகிச்சை மருத்துவர் நிக்கொலாய் கொரோட்கோவ் அதோடு ஸ்டெதஸ்கோப்பைச் சேர்த்தார். அவர் கவனித்தது எளிமையானது, ஆனால் அழகானது. நன்றாகத் திறந்திருக்கும் தமனியில் ரத்தம் ஓசையில்லாமல் ஓடும். முழுக்க மூடிய தமனியிலும் ஓசை இல்லை. பட்டையில் காற்றை ஏற்றித் தமனியை நெரித்துவிட்டு, மெல்ல மெல்லக் காற்றை விட்டால், ஒரு கட்டத்தில் இதயத்தின் உச்சத் தள்ளல் மட்டும் அந்த நெரிப்பை மீறி உள்ளே புகுகிறது. ‘டப்’ என்று முதல் சத்தம். அதுதான் மேல் எண். காற்று இறங்க இறங்க டப், டப் என்று தட்டிக்கொண்டே வந்து, தமனி முழுசாகத் திறந்ததும் சத்தம் அடங்கிப்போகும். அது கீழ் எண். வீட்டில் பொத்தானை அழுத்தினால் எண் காட்டும் கருவி இந்தச் சத்தத்தைக் கேட்பதில்லை. பட்டைக்குள் உணரும் அதிர்வை வைத்துக் கணக்குப் போடுகிறது. சரியான பட்டையும் சோதித்துத் தேறிய கருவியும் என்றால் அதை நம்பலாம்.

அழுத்தம் எங்கே கூடுகிறது

குழாயில் ஓடும் ரத்தத்தின் அளவு ஒன்று, குழாய் கொடுக்கும் தடை இன்னொன்று. இரண்டில் எது கூடினாலும் அழுத்தம் கூடும். இதில் தடைதான் விஷமக்காரன். உடம்பெங்கும் பரவியிருக்கும் நுண்தமனிகளின் சுவரில் தசை இருக்கிறது. அது கொஞ்சம் இறுகினால் துளை கொஞ்சம் குறுகும். ஆனால் விளைவு கொஞ்சம் இல்லை. ஒரு குழாயின் உள்விட்டம் 10 விழுக்காடு குறுகினால் அதன் தடை 50 விழுக்காட்டுக்கு மேல் கூடிவிடும். பாதியாகக் குறுகினால் 16 மடங்கு. கண்ணுக்குத் தெரியாத அளவு இறுக்கம் எண்ணில் பெரிதாகத் தெரிவதற்கு இதுதான் காரணம்.

உடம்பு இதைச் சும்மா விட்டுவிடுவதில்லை. கழுத்துத் தமனியிலும் பெருந்தமனியின் வளைவிலும் அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் இருக்கின்றன. படுத்திருந்தவர் சட்டென்று எழுந்தால் அரை லிட்டருக்கு மேல் ரத்தம் காலுக்கும் வயிற்றுக்கும் இறங்கும். ஓரிரு நொடிக்குள் இந்த முனைகள் மூளைக்குச் செய்தி சொல்ல, இதயம் வேகமெடுக்கும், குழாய்கள் இறுகும், நாம் மயங்கி விழாமல் நிற்போம். அழுத்தம் ஏறினால் இதற்கு நேர்மாறாக எல்லாவற்றையும் தளர்த்தும். அருமையான காவல்காரன்தான். ஒரே ஒரு குறை: அழுத்தம் சில நாட்கள் தொடர்ந்து மேலேயே இருந்தால், அந்த மேல் அளவையே ‘இதுதான் சரி’ என்று எடுத்துக்கொள்கிறான். அதற்கப்புறம் 150ஐக் காப்பாற்றும் வேலையைப் பார்க்கிறான்.

சரி, நரம்பு பழகிவிட்டது, சிறுநீரகம் இருக்கிறதே? நீண்ட காலக் கணக்கை எழுதுவது அதுதான். இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் திரவத்தை வடிகட்டி, அதில் ஏறக்குறைய முழுவதையும் உடம்புக்கே திருப்பிக் கொடுக்கின்றன. அழுத்தம் ஏறினால் கூடுதலாக உப்பையும் நீரையும் வெளியேற்றி அதை இறக்கிவிடுவது அவற்றின் இயல்பு. ஆக, ஒருவருக்கு ஆண்டுக்கணக்கில் அழுத்தம் உயர்ந்தே இருக்கிறது என்றால், அவருடைய சிறுநீரகமும் உடன்பட்டிருக்கிறது என்று அர்த்தம். முன்பு 120இல் வெளியேற்றிய உப்பை இப்போது 150 வந்தால்தான் வெளியேற்றுவேன் என்கிறது. 1934இல் ஹாரி கோல்ட்பிளாட் என்ற ஆய்வாளர் நாய்களின் சிறுநீரகத் தமனியில் சின்னக் கிடுக்கி போட்டுக் குறுக்கினார். நாயின் உடம்பு முழுவதும் அழுத்தம் ஏறியது. தனக்கு வரும் ரத்தம் குறைந்ததும், ‘அழுத்தம் போதவில்லை’ என்று சிறுநீரகம் தவறாக முடிவுசெய்கிறது. ரெனின் என்ற பொருளைச் சுரக்கிறது. ரெனினால் ஆஞ்சியோடென்சின் உண்டாகிறது, அது குழாய்களை இறுக்குகிறது, ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனைத் தூண்டி உப்பைப் பிடித்துவைக்கச் சொல்கிறது. இன்று எழுதப்படும் பிபி மாத்திரைகளில் ஒரு பெரும் கூட்டம் இந்தச் சங்கிலியைத்தான் ஏதாவது ஓர் இடத்தில் அறுக்கிறது. அதில் ஆஞ்சியோடென்சின் உண்டாவதைத் தடுக்கும் முதல் மாத்திரையான கேப்டோபிரில், பிரேசில் நாட்டு விரியன் பாம்பின் விஷத்தை ஆராய்ந்ததிலிருந்து பிறந்தது. அந்தப் பாம்பு கடித்தால் அழுத்தம் அதலபாதாளத்துக்கு இறங்கும். 1981இல் மாத்திரையாகக் கடைக்கு வந்தது.

மூன்றாவதாகக் குழாய்ச் சுவர். கூடுதல் அழுத்தத்தைத் தாங்க அதன் தசை தடிக்கிறது. தடித்தால் துளை இன்னும் குறுகுகிறது. குறுகினால் அழுத்தம் இன்னும் ஏறுகிறது. ஆரம்பத்தில் எது தூண்டியது என்பதே மறந்துபோய், அழுத்தமே அழுத்தத்துக்குக் காரணம் ஆகிவிடுகிறது.

யாரைக் குற்றம் சொல்வது

நூறு பேருக்கு உயர் ரத்த அழுத்தம் இருந்தால் 90 பேருக்கு மேல் இதுதான் என்று ஒரே காரணத்தைச் சுட்ட முடியாது. பரம்பரை உண்டு, ஆனால் ஒரு மரபணு இல்லை, ஆளுக்குத் துளித்துளியாகப் பங்களிக்கும் நூற்றுக்கணக்கான மரபணுக்கள். அதன்மேல் வயது, உடல் எடை, உப்பு, மது, அசையாத வாழ்க்கை எல்லாம் வந்து உட்காருகின்றன.

மக்கள் முதலில் சொல்வது ‘டென்ஷன்’. இந்தக் குழப்பத்துக்குப் பாதிக் காரணம் பெயரே. ‘ஹைப்பர்டென்ஷன்’ என்றால் நம் காதில் அதிகப்படியான டென்ஷன் என்று விழுகிறது. அந்தச் சொல்லில் உள்ள ‘டென்ஷன்’ குழாய்ச் சுவரின் இழுவையைக் குறிப்பது, மனதின் பதற்றத்தை இல்லை. கோபம், பயம், அவசரம் எல்லாம் அழுத்தத்தை அந்த நேரத்துக்கு ஏற்றும், சந்தேகமில்லை; ஆறியதும் அது இறங்கிவிடும். ஓயாத மன உளைச்சலுக்குப் பங்கே இல்லை என்று சொல்லவில்லை. தூக்கத்தைக் கெடுத்து, குடிக்க வைத்து, எடையை ஏற்றிச் சுற்றுவழியில் வந்து சேரும். ஆனால் சாந்தமான ஆளுக்கு பிபி வராது என்ற நம்பிக்கை பலரைக் கவிழ்த்திருக்கிறது. வாழ்நாளில் குரல் உயர்த்தாதவர்களுக்கும் 170 இருக்கும்.

உப்பின் கதை இதைவிட உறுதியானது. 1988இல் வெளிவந்த இன்டர்சால்ட் ஆய்வில் உலகெங்கும் 52 இடங்களில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை அளந்தார்கள். அதில் ஓர் இடம் அமேசான் காட்டின் யனோமாமி மக்கள். அவர்கள் உணவில் சேர்க்கும் உப்பு என்று ஒன்று கிட்டத்தட்ட இல்லை. அவர்களின் மேல் எண் சராசரியாக 100க்கும் கீழே. வயதாக ஆக ஏறவும் இல்லை. அவர்கள் மெலிந்தவர்கள், நாள் முழுதும் உழைப்பவர்கள், மது தெரியாதவர்கள் என்பதும் உண்மை. அதனால் எல்லாப் பெருமையையும் உப்பில்லாமைக்கே கொடுத்துவிட முடியாது. ஆனால் ‘வயதானால் பிபி ஏறத்தான் செய்யும், அது இயற்கை’ என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லாமல் போகிறது. ஏறுவது நம் வாழ்க்கை முறையின் இயற்கை.

ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு போதும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். ஒரு தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவு. உலகச் சராசரி அதைப் போல இரண்டு மடங்கு. சாப்பாட்டு மேசையில் உப்புக் கிண்ணத்தை ஒளித்துவைப்பது பாதி வேலைதான்; பொட்டலத்தில் அடைத்து வரும் பண்டங்களில் நாக்குக்கு உப்பே தெரியாதவைகூட நிறைய சோடியம் கொண்டவை. பொட்டாசியம் இதற்கு எதிர்ப்பக்கம் நிற்கிறது. சீனாவில் 600 கிராமங்களில் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், பாதி ஊர்களுக்கு வழக்கமான உப்புக்குப் பதிலாகக் கால்பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பைக் கொடுத்தார்கள். மருந்து கூட்டவில்லை, வேறு எதையும் மாற்றவில்லை. சுமார் 5 ஆண்டுகளில் பக்கவாதம் 14 விழுக்காடு குறைந்தது. ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், பொட்டாசியத்தைத் தேக்கிவைக்கும் சில மாத்திரைகள் சாப்பிடுபவர்களும் இந்த உப்பைத் தானாக வாங்கிப் போட்டுக்கொள்ளக் கூடாது. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே குழம்பும்.

மிச்சமுள்ள நூற்றுக்கு ஐந்து பத்துப் பேருக்குத் தனிக் காரணம் இருக்கும், தேடினால் கிடைக்கும். சிறுநீரக நோய், சிறுநீரகத் தமனி அடைப்பு, தைராய்டு கோளாறு, சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி ஆல்டோஸ்டிரோனை அளவுக்கு மீறிச் சுரப்பது. இந்தக் கடைசியை 1955இல் ஜெரோம் கான் விவரித்தபோது அபூர்வம் என்று நினைத்தார்கள். அப்படி இல்லை என்று இப்போது தெரிகிறது. தேடாததால் கிடைக்காமல் இருந்திருக்கிறது. உரக்கக் குறட்டை விட்டு, இடையிடையே மூச்சு நின்று, திணறி மறுபடி குறட்டையைத் தொடரும் ஆட்களுக்கு அந்தத் தூக்கமே அழுத்தத்தை ஏற்றும். வலி மாத்திரைகள், ஸ்டீராய்டு, சில கருத்தடை மாத்திரைகள், மூக்கடைப்புக்குப் போடும் மருந்துகள், நிறையச் சாப்பிட்டால் அதிமதுரம்கூட ஏற்றும். மூட்டுவலிக்காக மாதக்கணக்கில் வலி மாத்திரை போட்டுக்கொண்டு, பிபி மாத்திரை வேலை செய்யவில்லை என்று குறைப்படுபவர்கள் உண்டு. முப்பது வயதுக்குள் அழுத்தம் வந்தாலோ, மூன்று வகை மாத்திரைக்கும் அடங்காமல் நின்றாலோ, இப்படி ஒரு காரணத்தைத் தேடுவது அவசியம்.

உள்ளே நடப்பது

இதயத்துக்கு இது தினமும் மூட்டை தூக்கும் வேலை. தூக்கித் தூக்கிக் கைத்தசை பெருப்பதுபோல இடது கீழறையின் சுவர் தடிக்கிறது. பலசாலி ஆகிவிட்டது என்று மகிழ முடியாது. தடித்த சுவர் விறைப்பானது. துடிப்புக்கு இடையே தளர்ந்து நிரம்பத் தெரியாது. அதற்குப் போதிய ரத்தம் கொடுக்க அதன் சொந்தத் தமனிகளாலும் முடியாது. சில ஆண்டுகளில் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதும், கால் வீங்குவதும், துடிப்பு தாறுமாறாவதும் இங்கிருந்துதான் தொடங்குகின்றன. ஒட்டகச்சிவிங்கிக்கு நம்மைப் போல இரண்டு மடங்கு அழுத்தம் இருக்கிறது. இதயத்துக்கு இரண்டு மீட்டர் மேலே இருக்கும் தலைக்கு ரத்தம் ஏறியாக வேண்டும். அதன் இதயமும் குழாய்களும் பிறவியிலேயே அதற்கென்று வார்க்கப்பட்டவை. நம்முடையவை அப்படி இல்லை.

மூளைக்குள் ஆழமான பகுதிகளுக்குப் போகும் தமனிகள் மிகவும் மெல்லியவை. பெரிய தமனியிலிருந்து படிப்படியாகக் கிளை பிரிந்து அழுத்தம் தணிந்து வருவதற்குப் பதில், நேரடியாக முளைத்து உள்ளே போகின்றன. முழு வேகமும் அவற்றின் மேல்தான் விழும். சில வெடிக்கும், அது ரூஸ்வெல்ட்டுக்கு நடந்தது. பல அடைபடும். ஒரு பட்டாணி அளவுப் பகுதி செத்துப்போகும், வெளியே எதுவும் தெரியாது. இப்படிப் பத்து இருபது சேர்ந்தபிறகு நடை தளரும், யோசனை மந்தமாகும், வீட்டில் இருப்பவர்கள் ‘வயசாச்சு’ என்பார்கள்.

சிறுநீரகம் ஒரே நேரத்தில் குற்றவாளியும் பலியாளும். அழுத்தம் வடிகட்டிகளைக் கெடுக்கும், கெட்ட வடிகட்டி அழுத்தத்தை ஏற்றும். கண் மட்டும் ஒரு வசதி செய்து தருகிறது. தோலைக் கிழிக்காமல் ரத்தக் குழாயை நேரில் பார்க்க முடிகிற இடம் விழித்திரை. அங்கே குறுகல், கசிவு, வீக்கம் தெரிந்தால் மற்ற இடங்களிலும் என்ன நடக்கிறது என்று மருத்துவர் ஊகித்துவிடுவார். கர்ப்ப காலத்து அழுத்தம் தனிக் கதை. 20 வாரத்துக்குப் பிறகு 140/90ஐத் தொட்டால் தாய், குழந்தை இருவருக்கும் ஆபத்து, அதில் ‘பார்க்கலாம்’ என்ற பேச்சே கூடாது.

எந்த எண்ணிலிருந்து ஆபத்து தொடங்குகிறது? இதற்குப் பலரும் 140/90 என்பார்கள். பத்து லட்சம் பேரின் விவரங்களைத் திரட்டி 2002இல் வெளியான கணக்கு வேறு மாதிரி சொல்கிறது. 40 முதல் 69 வயதில், 115/75இலிருந்தே மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 கூடும் ஒவ்வொரு முறையும் பக்கவாதத்தாலோ மாரடைப்பாலோ இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. நடுவில் பள்ளமோ பாறையோ இல்லை, ஒரே சரிவு. 140 என்பது அந்தச் சரிவில் நாம் நட்ட கல். 2017இல் அமெரிக்க இதய அமைப்புகள் கல்லைப் பிடுங்கி 130/80இல் நட்டன. அன்று காலை எழுந்த சுமார் 3 கோடி அமெரிக்கர்கள், முந்தைய நாள் இருந்த அதே உடம்போடு, புதிதாக பிபிக்காரர்கள் ஆனார்கள். உலகச் சுகாதார நிறுவனம் இன்னும் 140/90இலேயே நிற்கிறது. இந்தச் சண்டையில் நான் எந்தப் பக்கமும் ஆவேசமாக நிற்கவில்லை. 138 உள்ளவர் நிம்மதியாகவும் 142 உள்ளவர் பீதியாகவும் இருப்பதில் அர்த்தம் இல்லை என்பது மட்டும் இரு தரப்புக்கும் ஒப்பு.

பழகிப்போனது உடம்பு மட்டும் இல்லை. மருத்துவமும் இதற்குப் பழகித்தான் இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில், வயதானவருக்கு அழுத்தம் ஏறுவது தடித்த குழாய்கள் வழியே ரத்தத்தைத் தள்ள உடம்பு செய்துகொள்ளும் ஏற்பாடு, அதில் கைவைக்கக் கூடாது என்று பெரிய மருத்துவர்களே எழுதினார்கள். ‘அத்தியாவசியமான’ என்ற பொருள் தரும் பெயரையும் அந்த நோய்க்கு வைத்தார்கள். ரூஸ்வெல்ட்டுக்குக் கொடுக்க டிஜிடாலிஸ் என்ற இதய மருந்து, உப்புக் குறைப்பு, ஓய்வு, தூக்க மருந்து இவைதான் இருந்தன. 1958இல் உப்பை வெளியேற்றும் குளோரோதயசைடு வந்தது. 1967இல் எட்வர்ட் ஃப்ரைஸ் அமெரிக்க முன்னாள் ராணுவத்தினர் 143 பேரை வைத்து நடத்திய ஆய்வு வெளியானது. எல்லோருக்கும் கீழ் எண் 115க்கும் 129க்கும் இடையே. பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு மருந்தில்லாத மாத்திரை. இரண்டே ஆண்டுக்குள் மருந்தில்லாத பக்கம் 27 பேருக்குக் கடுமையான பாதிப்பு அல்லது மரணம். மருந்து சாப்பிட்ட பக்கம் 2 பேருக்கு. அதற்கப்புறம் ‘அத்தியாவசியம்’ என்று யாரும் வாதாடவில்லை. பெயர் மட்டும் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பட்டையைக் கட்டுவதற்கு முன்

உணர்வை நம்ப முடியாது, எண்ணைத்தான் நம்ப வேண்டும் என்றால் எண் ஒழுங்காக எடுக்கப்பட்டிருக்க வேண்டும். பெரும்பாலும் அப்படி எடுக்கப்படுவதில்லை. படியேறி வந்து, மூச்சு அடங்குவதற்குள் சட்டைக்கை மேலேயே பட்டையைச் சுற்றி, ‘ம், சொல்லுங்கள், என்ன தொந்தரவு’ என்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே எடுக்கும் எண் யாருடைய எண்ணோ. எனக்கு அப்படி எடுத்த 152, ஐந்து நிமிடம் வாயை மூடி உட்கார்ந்தபின் 128 ஆனது.

ஐந்து நிமிடம் அமைதி. முதுகுக்குச் சாய்வு. பாதம் இரண்டும் தரையில், கால்மேல் கால் வேண்டாம். சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்காரக் கூடாது. அரை மணிக்குள் காபியோ புகையோ இருக்கக் கூடாது. கை மேசைமேல் இதயத்தின் உயரத்தில் இருக்க வேண்டும், பத்து செ.மீ. கீழே தொங்கினால் ஏழெட்டுப் புள்ளி கூடக் காட்டும். பருத்த கைக்குச் சின்னப் பட்டையைக் கட்டினாலும் கூடக் காட்டும். ஒரு நிமிடம் விட்டு இரண்டு முறை, காலையும் மாலையும், ஒரு வாரம். முதல் நாளைத் தள்ளிவிட்டு மற்றவற்றின் சராசரி எடுத்தால் அது பெரும்பாலும் மருத்துவமனையில் எடுத்த ஒற்றை எண்ணைவிட உண்மைக்குப் பக்கத்தில் இருக்கும். வீட்டுக் கணக்கில் கோடு 135/85. மருத்துவரைப் பார்த்தால் மட்டும் ஏறுகிறவர்கள் உண்டு. அங்கே நன்றாக இருந்து வீட்டிலும் வேலையிலும் ஏறுகிறவர்களும் உண்டு. இந்த இரண்டாவது ரகத்தினருக்குத்தான் ஆபத்து அதிகம், ஏனென்றால் யாரும் சந்தேகப்படுவதில்லை.

180/120ஐத் தாண்டிய எண்ணோடு நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், ஒரு பக்கம் கைகால் விழுவது, நாக்கு குழறுவது, பார்வை மங்குவது இவற்றில் ஏதாவது இருந்தால் மறுபடி அளந்துகொண்டிருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். அந்த அறிகுறிகள் எதுவும் இல்லை என்றால் சில நிமிடம் கழித்து மறுபடி எடுத்துப் பார்த்து, அப்போதும் இறங்கவில்லை என்றால் தாமதிக்காமல் மருத்துவரைக் கேட்க வேண்டும்; மாத்திரையைத் தானாக இரட்டிப்பாக்கி விழுங்கக் கூடாது.

எடை ஒரு கிலோ குறைந்தால் மேல் எண் ஏறத்தாழ ஒரு புள்ளி இறங்கும் என்பது பொதுவான கணக்கு. வேகநடை, உப்புக் குறைப்பு, மதுவைக் குறைப்பது ஒவ்வொன்றும் தன் பங்குக்குச் சில புள்ளிகள் கொடுக்கும். பலருக்கு அதோடு மாத்திரையும் வேண்டியிருக்கும். மேல் எண் 10 இறங்கினால் பக்கவாத வாய்ப்பு கால்வாசிக்கு மேல் குறைகிறது. ஆனால் மாத்திரை தொடங்கிய முதல் சில வாரங்களில்தான் பலர் அதை விட்டுவிடுகிறார்கள். அதற்கும் அதே பழைய காரணம். 170இலேயே வருடக்கணக்கில் இருந்த மூளையின் குழாய்கள் அதற்கேற்ப இறுகிப் பழகியவை. திடீரென்று 130 வந்ததும் அவற்றுக்கு அது குறைச்சலாகத் தெரியும். எழுந்தால் தலை சுற்றும், உடம்பு அசதியாக இருக்கும். ஏறும்போது ஒரு வார்த்தை பேசாத உடம்பு இறங்கும்போது புலம்பும். ‘மாத்திரை போடுவதற்கு முன்பு நன்றாகத்தானே இருந்தேன்’ என்று அவர் சொல்வது அவர் உணர்ந்த வரையில் முழு உண்மை. இதற்காகத்தான் அவசரம் இல்லாதபோது மருத்துவர்கள் குறைந்த அளவில் தொடங்கி மெல்ல மெல்லக் கூட்டுகிறார்கள். அந்த வாரங்களில் படுக்கையிலிருந்து சட்டென்று எழாமல், ஓரமாக ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழுந்தால் போதும். சுற்றல் நிற்கவில்லை என்றால் மருந்தின் அளவையோ வகையையோ மாற்றிக் கொடுப்பார்கள், வகைகளுக்குப் பஞ்சம் இல்லை. பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் அந்த 130க்கும் உடம்பு பழகிவிடும்.